'கெட்' என்னும் ஆங்கில வினைச்சொல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் மாலை நேரத்தில் நடக்கும் எங்கள் பேச்சு ஆங்கில வகுப்புக்கு வருபவர்களில் பெரும்பாலோர் சுற்றுலாவை நம்பிப் பிழைப்பவர்கள். டாக்சி ஓட்டுநர்கள், விடுதி வரவேற்பில் இருப்பவர்கள், தேயிலைத் தொழிற்சாலையைப் பார்க்க வருபவர்களுக்குச் சுற்றிக் காட்டுபவர்கள், காய்கறிக் கடை வைத்திருப்பவர்கள் எனப் பலரும் வருகிறார்கள். மற்ற வினைச்சொற்களைப் பற்றி ஒருமுறை கேட்டுத் தெளிந்துவிடுகிறவர்கள்கூட 'கெட்' என்ற சொல்லைப் பற்றி மறுபடியும் மறுபடியும் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளை அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

வகுப்பில் பலர் ஆங்கிலத்தைக் காதால் பழகியவர்கள் என்பதால் வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். 'கெட்' என்பதன் முதல் ஒலி 'கங்கை' என்று பேசும்போது வரும் முதல் ஒலியைப் போன்றது. 'கெட்டுப்போனது' என்பதில் வரும் ஒலியோடு சொன்னால் கேட்பவருக்குப் புரியாது.

"கெட்டுக்குத் தமிழில் ஒரே ஒரு அர்த்தம் சொல்லுங்கள், மனப்பாடம் செய்துகொள்கிறேன்."

ஒன்றுதான் வேண்டும் என்றால் 'கிடைத்தல்' அல்லது 'பெறுதல்' என்று வைத்துக்கொள்ளலாம். 'ஐ காட் எ லெட்டர்' என்றால் எனக்கு ஒரு கடிதம் வந்தது. ஆனால் இந்த ஓர் அர்த்தத்தை மட்டும் நம்பியிருந்தால், 'இட் இஸ் கெட்டிங் டார்க்' என்று விருந்தினர் சொல்லும்போது இருட்டு யாருக்குக் கிடைக்கிறது என்று விழிக்க நேரிடும். இருட்டிக்கொண்டு வருகிறது என்பதே அவர் சொன்னது.

வடிவங்களை மனப்பாடம் செய்வது நல்லது. நிகழ்காலத்தில் 'கெட்', இறந்தகாலத்தில் 'காட்', நடந்துகொண்டிருப்பதற்கு 'கெட்டிங்'. 'டிட்' முன்னால் வந்துவிட்டால் 'காட்' என்பது 'கெட்' ஆகிவிடும். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டதிலிருந்து, விடுதிக்காரர்கள் தொலைபேசியில் அதிகம் கேட்ட கேள்வி 'டிட் யூ கெட் தி இ-பாஸ்?' என்பதாகத்தான் இருக்கும். அதை 'டிட் யூ காட்' என்று கேட்பது தவறு.

"அப்படியென்றால் எந்த இடத்தில் எந்த அர்த்தம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?"

'கெட்' என்ற சொல்லையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் விடை வராது. அதற்குப் பின்னால் வரும் சொல்லைப் பார்க்க வேண்டும். இந்தப் பக்கத்தில் நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி இந்த ஒரு விதியின் விரிவுதான்.

குன்னூரிலிருந்து புறப்பட்ட ஒரு குடும்பம் தன் பயணத்தைச் சொல்வதாக வைத்துக்கொள்வோம். 'வி காட் எ டாக்சி' என்பதில் பின்னால் வருவது ஒரு பொருள். எனவே டாக்சி கிடைத்தது. 'வி காட் டு கோத்தகிரி' என்பதில் 'டு' என்பதை அடுத்து ஓர் இடம் வருகிறது. எனவே போய்ச் சேர்ந்தோம். 'வி காட் வெட்' என்பதில் வருவது ஒரு நிலை, எனவே நனைந்துபோனோம். 'வி காட் டெலேய்டு' என்பதில் வருவது வினையின் மூன்றாம் வடிவம் ('கோ, வென்ட், கான்' என்ற வரிசையில் 'கான்' போல). எனவே தாமதமாகிவிட்டது, அதுவும் நம் கையில் இல்லாத காரணத்தால். 'வி காட் டு சீ எ பைசன்' என்பதில் 'டு' என்பதை அடுத்து இன்னொரு வினை வருகிறது; எனவே காட்டெருமையைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. சொல் ஒன்றுதான், பின்னால் நிற்பது மாறியதால் ஐந்து பொருள்கள் பிறந்தன.

"'குட் கேரட்ஸ் வில் கெட் இன் ஊட்டி' என்று சொன்னேன். வாடிக்கையாளர் சிரித்தார். என்ன தப்பு?"

ஊட்டியில் நல்ல கேரட் கிடைக்கும் என்ற தமிழ் வாக்கியத்தில் குறை எதுவும் இல்லை. அதைச் சொல்லுக்குச் சொல் மாற்றியதில்தான் சிக்கல் வந்தது. தமிழில் 'கிடை' என்ற வினைக்குக் கிடைக்கும் பொருளே எழுவாய். ஆள் 'எனக்கு', 'உங்களுக்கு' என்று நான்காம் வேற்றுமையில் ஒதுங்கி நிற்பார். ஆங்கிலத்தில் 'கெட்' என்பதற்குப் பெறுகிற ஆளே எழுவாய். எனவே 'கேரட்ஸ் வில் கெட்' என்றால், கேரட் எதையோ வாங்கப் போகிறது என்ற பொருள் வந்துவிடுகிறது.

சரியான வாக்கியம் 'யூ கெட் குட் கேரட்ஸ் இன் ஊட்டி' என்பது. இங்கே 'யூ' என்பது எதிரில் நிற்பவரை மட்டும் குறிப்பதில்லை. இந்த ஊருக்கு வரும் யாருக்கும் கிடைக்கும் என்பதே கருத்து. தமிழ் வாக்கியத்தில் ஆளே சொல்லப்படாதபோது ஆங்கிலத்தில் இப்படி ஒரு 'யூ' சேர்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் கடையிலேயே இருக்கிறது என்றால் 'வி ஹேவ் குட் கேரட்ஸ்' என்று முடித்துவிடலாம். மலை ரயிலுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை என்பதற்கு 'டிக்கெட் நாட் கெட்டிங்' என்று சொல்வதும் இதே வகைத் தவறுதான். 'வி டிட்ன்ட் கெட் டிக்கெட்ஸ்' என்றால் கிடைக்கவில்லை. 'வி குட்ன்ட் கெட் டிக்கெட்ஸ்' என்றால் முயன்றும் கிடைக்கவில்லை.

இது புதிதாகக் கற்க வேண்டிய வித்தை அல்ல. 'எனக்குத் தெரியும்' என்பதை 'ஐ நோ' என்றும், 'எனக்குப் பிடிக்கும்' என்பதை 'ஐ லைக்' என்றும் நீங்கள் தயங்காமல் சொல்கிறீர்கள். அங்கெல்லாம் 'எனக்கு' என்பதை 'ஐ' ஆக்கி வாக்கியத்தின் தலையில் வைத்துவிட்டீர்கள். 'எனக்குக் கிடைத்தது' என்பதற்கும் அதையே செய்தால் போதும்.

"கெட்டுக்கும் பிகமுக்கும் 'ஆகு' என்றுதானே அர்த்தம்? எதை வேண்டுமானாலும் போடலாமா?"

நிலையைச் சொல்லும்போது பெரும்பாலும் போடலாம். 'ஹி காட் டயர்டு', 'ஹி பிகேம் டயர்டு' இரண்டும் களைத்துப்போனார் என்றே பொருள்படும். முன்னது பேச்சுக்கு ஏற்றது, பின்னது எழுத்துக்கு ஏற்றது.

பின்னால் பெயர்ச்சொல் வந்தால் மாற்றக்கூடாது. அவர் ஆசிரியர் ஆனார் என்பதற்கு 'ஹி பிகேம் எ டீச்சர்' என்றே சொல்ல வேண்டும். 'ஹி காட் எ டீச்சர்' என்றால், முன் சொன்ன விதிப்படி அவருக்கு ஓர் ஆசிரியர் கிடைத்தார் என்று ஆகிவிடும்.

"குளிருது, சளி பிடிச்சிருக்கு, இரண்டுக்கும் கோல்ட் என்கிறார்கள். கெட் எங்கே வரும்?"

மலையில் இந்தக் குழப்பம் வராத நாளே இல்லை. 'கோல்ட்' என்பதற்கு முன்னால் 'எ' இருக்கிறதா என்று பாருங்கள். 'எ' இல்லாமல் வந்தால் அது குளிர் என்ற நிலை. 'எ' சேர்ந்து வந்தால் அது சளி என்ற நோய். 'ஐ ஆம் கோல்ட்' என்றால் எனக்குக் குளிருகிறது. 'ஐ ஆம் கெட்டிங் கோல்ட்' என்றால் குளிர ஆரம்பித்திருக்கிறது, கம்பளி கொடுங்கள் என்று கேட்காமல் கேட்பது. 'ஐ ஹேவ் எ கோல்ட்' என்றால் சளி பிடித்திருக்கிறது. 'ஐ காட் எ கோல்ட் இன் ஊட்டி' என்றால் ஊட்டிக்கு வந்த இடத்தில் சளி பிடித்துக்கொண்டது.

ஊரின் தட்பவெப்பத்தைச் சொல்லும்போது 'இட்' என்று தொடங்குங்கள். டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனி விழும் ஊருக்கு வருபவரிடம் 'இட் கெட்ஸ் வெரி கோல்ட் அட் நைட்' என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது பிறகு வரும் புகார்களைக் குறைக்கும். காய்ச்சலுக்கு 'ஐ ஆம் கெட்டிங் ஃபீவர்' என்று நம்மவர்கள் சொல்வது வழக்கமாக இருந்தாலும், ஏற்கெனவே காய்ச்சல் இருக்கும்போது 'ஐ ஹேவ் எ ஃபீவர்' என்பதே தெளிவானது.

"வழி கேட்கும்போது 'கோ' என்று கேட்காமல் ஏன் 'கெட்' என்று கேட்கிறார்கள்?"

'கோ' என்பது புறப்பட்டுப் போவதைச் சொல்கிறது; 'கெட் டு' என்பது போய்ச் சேர்வதைச் சொல்கிறது. 'ஹவ் டு ஐ கெட் டு தொட்டபெட்டா?' என்று கேட்பவருக்கு எந்தச் சாலை, எந்தப் பேருந்து, எவ்வளவு நேரம் ஆகும் என்பதெல்லாம் சேர்ந்த பதில் வேண்டும். கல்லட்டிச் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து வந்தவர் 'வி காட் டு மசினகுடி அட் சிக்ஸ்' என்று சொன்னால், ஒருவழியாக ஆறு மணிக்கு வந்து சேர்ந்தோம் என்ற பெருமூச்சும் அதில் கேட்கும்.

'ஹோம்', 'ஹியர்', 'தேர்' என்ற மூன்று சொற்களுக்கும் முன்னால் 'டு' வராது: 'ஐ காட் ஹோம் லேட்'. இதே பொருள் தரும் 'ரீச்' என்ற வினைக்கு 'டு' ஒருபோதும் வராது. 'ரீச்டு டு ஊட்டி' என்பது நம் ஊர்ப் பிழை, 'ரீச்டு ஊட்டி' என்பதே சரி.

"பஸ்ஸிலிருந்து இறங்குங்கள் என்பதற்கு 'கெட் டவுன்' சரியா, 'கெட் ஆஃப்' சரியா?"

இந்தியாவுக்குள் 'கெட் டவுன்' என்றால் எல்லோருக்கும் புரியும். வெளிநாட்டவர் பேருந்துக்கு 'கெட் ஆஃப்' என்றே சொல்வார்கள். அவர்கள் காதில் 'கெட் டவுன்' என்பது மரத்திலிருந்தோ சுவரிலிருந்தோ கீழே வா என்பது போலவோ, ஆபத்து வருகிறது, குனி என்பது போலவோ விழும். வளைவில் வண்டி திரும்பும் நேரத்தில் அதைச் சொல்லாமல் இருப்பது நல்லது.

ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஓர் எளிய அடையாளம் உண்டு. உள்ளே நின்று நடக்க முடிகிற பேருந்து, ரயில் ஆகியவற்றுக்கும், மேலே அமர்ந்து போகிற சைக்கிள், குதிரை ஆகியவற்றுக்கும் 'கெட் ஆன்', 'கெட் ஆஃப்'. குனிந்து உள்ளே போய் உட்கார வேண்டிய கார், ஆட்டோ ஆகியவற்றுக்கு 'கெட் இன்', 'கெட் அவுட் ஆஃப்'. கொடைக்கானல் ஏரிக்கரையில் வாடகைச் சைக்கிளில் ஏறுபவர் 'கெட்ஸ் ஆன்'. அவரைக் கொண்டுவந்து விட்ட டாக்சியிலிருந்து இறங்கியபோது 'காட் அவுட்'.

"அப்போது கார்க்காரர் பயணியிடம் 'கெட் அவுட்' என்று சொல்லலாமா?"

தனியாகச் சொன்னால் 'வெளியே போ' என்ற அதட்டல்தான். 'யூ கேன் கெட் அவுட் ஹியர், சார்' என்று முழு வாக்கியமாகச் சொன்னால் அதில் எந்த அவமதிப்பும் இல்லை.

"விருந்தினர் 'ஐ வில் கெட் இட்', 'ஐ வில் கெட் திஸ்' என்கிறார். எதை வாங்கப் போகிறார்?"

விடுதிகளில் வேலை செய்பவர்கள் இதில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். அழைப்பு மணியோ தொலைபேசியோ அடிக்கும்போது 'ஐ வில் கெட் இட்' என்றால், நான் போய்ப் பார்க்கிறேன் அல்லது நான் எடுத்துப் பேசுகிறேன் என்று பொருள். சாப்பிட்டு முடித்துப் பில் வந்தவுடன் 'ஐ வில் கெட் திஸ்' என்றால், பணத்தை நான் கொடுக்கிறேன் என்று பொருள். இரண்டு இடத்திலும் அவர் எதையும் விலைக்கு வாங்கவில்லை.

'கெட்' என்பதை அடுத்து ஆளும், அதன்பின் பொருளும் வந்தால் 'கொண்டுவந்து கொடு' என்று பொருள். 'கேன் யூ கெட் மீ எ பிளாங்கெட்?' என்பது எனக்கு ஒரு கம்பளி கொண்டுவந்து தர முடியுமா என்பதுதான். 'கேன் ஐ கெட் எ காபி?' என்றால் ஒரு காபி வேண்டும் என்று பொருள். பிரிட்டனில் பழைய தலைமுறையினர் சிலருக்கு இப்படிக் கேட்பதே பிடிக்காது, 'மே ஐ ஹேவ்' என்றுதான் கேட்க வேண்டும் என்பார்கள். நீங்கள் கேட்கும் இடத்தில் 'குட் ஐ ஹேவ்' என்று கேட்டுவிட்டால் யாருடைய முகமும் சுளிக்காது.

"கல்யாணம் ஆகிவிட்டது என்பதற்கு 'காட் மேரேஜ்' என்று சொல்லலாமா? விபத்துக்கும் காட், கல்யாணத்துக்கும் காட் என்கிறார்களே?"

'காட் மேரேஜ்' தவறு. 'ஷி காட் மேரிடு' என்பதே சரி. யாரோடு என்பதற்கு 'வித்' வராது, 'டு' வரும்: 'காட் மேரிடு டு'. 'காட் மேரிடு' என்பது திருமணம் நடந்த நிகழ்ச்சி. 'இஸ் மேரிடு' என்பது திருமணமானவர் என்ற நிலை. எனவே 'ஷி காட் மேரிடு இன் 2019' என்று ஆண்டைச் சொல்லலாம்; 'ஷி இஸ் மேரிடு இன் 2019' என்று சொல்ல முடியாது.

விபத்துக்கும் திருமணத்துக்கும் ஒரே சொல்லா என்ற குறும்பு கேள்வியில் இருந்தாலும், இலக்கணம் இரண்டையும் ஒரே தட்டில்தான் வைக்கிறது. மூன்றாம் வடிவத்தோடு வரும் 'கெட்' ஒரு மாற்றம் நேர்ந்ததைச் சொல்கிறது, பல இடங்களில் எதிர்பாராமல் நேர்ந்ததை. வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து மேட்டுப்பாளையம் சாலை அடைபட்டால் 'தி ரோட் காட் பிளாக்டு' என்பது பேச்சில் இயல்பாக வரும்.

திட்டமிட்டுச் செய்த பெரிய காரியங்களுக்கு இந்த 'காட்' பொருந்தாது. மலை ரயில் பாதை 1899-இல் குன்னூர் வரைக்கும் 1908-இல் உதகை வரைக்கும் திறக்கப்பட்டது என்பதைச் சுற்றிக் காட்டுபவர்கள் 'காட் ஓபன்டு' என்று சொல்கிறார்கள். 'வாஸ் ஓபன்டு' என்றே சொல்ல வேண்டும். 'காட்' போட்டால் யாரும் நினைக்காமல் தானாகத் திறந்துகொண்டது போல இருக்கும்.

"மெக்கானிக்தான் வண்டியைச் சரிசெய்தார். நான் 'ஐ ரிப்பேர்டு மை டாக்சி' என்று சொல்வது பொய்யா?"

பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேட்பவர் நீங்களே ஸ்பேனர் பிடித்ததாக எண்ணிக்கொள்வார். பேச்சுத் தமிழில் 'முடி வெட்டினேன்' என்றாலே சலூனில் வெட்டிக்கொண்டேன் என்று புரிந்துவிடுகிறது. 'ஐ கட் மை ஹேர்' என்று ஆங்கிலத்தில் சொன்னால், கண்ணாடி முன்னால் நின்று நீங்களே வெட்டிக்கொண்டதாகப் பொருள்.

பிறரைக் கொண்டு செய்வித்ததைச் சொல்ல, பொருளை நடுவில் வைத்து வினையின் மூன்றாம் வடிவத்தைக் கடைசியில் வையுங்கள்: 'ஐ காட் மை டாக்சி ரிப்பேர்டு', 'ஐ காட் மை ஹேர் கட்'. இந்த வரிசையை மாற்றி 'ஐ காட் ரிப்பேர்டு மை டாக்சி' என்று சொல்லக்கூடாது. செய்தவரையும் குறிப்பிட வேண்டுமானால் 'ஐ காட் தி மெக்கானிக் டு ரிப்பேர் இட்' என்று 'டு' சேர்க்க வேண்டும். இதில் அவரைக் கேட்டுக்கொண்டு, சம்மதிக்க வைத்துச் செய்வித்த சாயல் உண்டு. 'ஐ மேட் தி மெக்கானிக் ரிப்பேர் இட்' என்றால் கட்டாயப்படுத்திய சாயல் வந்துவிடும்; அதில் 'டு' வராது.

"'ஹேவ்' என்றாலே போதுமே, 'ஹேவ் காட்' எதற்கு? அமெரிக்கர் 'காட்டன்' என்று வேறு சொல்கிறாரே?"

'வி ஹேவ் டூ ரூம்ஸ்', 'வி ஹேவ் காட் டூ ரூம்ஸ்' இரண்டுக்கும் பொருள் ஒன்றே: எங்களிடம் இரண்டு அறைகள் இருக்கின்றன. பின்னது பிரிட்டிஷ் பேச்சில் அதிகம். இறந்தகாலத்தில் 'வி ஹேட் டூ ரூம்ஸ்' என்று சொன்னால் போதும், 'ஹேட் காட்' வேண்டாம்.

அந்தக் 'காட்டன்' பருத்தி அல்ல, 'கெட்' என்பதன் மூன்றாம் வடிவம். பிரிட்டனில் பெரும்பாலும் வழக்கொழிந்துவிட்ட இந்தப் பழைய வடிவத்தை அமெரிக்கர்கள் விடாமல் வைத்திருக்கிறார்கள். 'ஃபர்காட்டன்' என்ற சொல்லில் அது எல்லோரிடமும் உயிரோடு இருக்கிறது. அமெரிக்கர் 'ஐ ஹேவ் காட் எ ரூம்' என்றால் அறை இருக்கிறது. 'ஐ ஹேவ் காட்டன் எ ரூம்' என்றால் தேடி அறை பிடித்துவிட்டேன். நீங்கள் 'காட்டன்' பேச வேண்டியதில்லை, கேட்டால் புரிந்துகொண்டால் போதும்.

"'வி காட் டு சீ' என்றால் பார்த்தோம் என்றீர்கள். 'யூ ஹேவ் காட் டு சீ' என்றால் பார்க்க வேண்டும் என்கிறார்கள். எது சரி?"

இரண்டும் சரி, 'ஹேவ்' இருக்கிறதா இல்லையா என்பதில்தான் வேறுபாடு. 'வி காட் டு சீ' என்பது இரண்டாம் கேள்வியில் சொன்ன வாய்ப்பு. 'யூ ஹேவ் காட் டு சீ' என்பது 'யூ ஹேவ் டு சீ' என்பதன் அழுத்தமான பேச்சு வடிவம், கட்டாயம் பார்க்க வேண்டும் என்பது. விரைந்து பேசும்போது 'ஹேவ்' கரைந்து, 'யூவ் காட் டு', 'யூ காட்டா' என்றெல்லாம் காதில் விழும். அப்போதுதான் இரண்டும் குழம்புகின்றன.

அப்படிக் குழம்பினால் நடந்ததா, நடக்க வேண்டியதா என்று பாருங்கள். 'யெஸ்டர்டே' என்று சேர்த்துச் சொன்னால் அது வாய்ப்பு. 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சியைப் பற்றிப் பேசி, 'யூ காட்டா சீ இட்' என்று முடித்தால் அது வற்புறுத்தல்.

"'ஐ ஆம் நாட் கெட்டிங் யூ' என்று சொன்னால் வெளிநாட்டவர் ஏன் விழிக்கிறார்?"

'கெட்' என்பதற்குப் புரிந்துகொள்ளுதல் என்ற பொருள் உண்டு. 'ஐ டோன்ட் கெட் இட்' என்றால் எனக்குப் புரியவில்லை. ஆனால் இந்தப் பொருளில் அவர்கள் பொதுவாக 'கெட்டிங்' போடுவதில்லை. 'ஐ ஆம் நாட் கெட்டிங் யூ' என்பது நம் நாட்டு ஆங்கிலம். 'சாரி, ஐ டிட்ன்ட் கெட் தட்' என்று சொன்னால் மறுபடியும் சொல்லுங்கள் என்ற வேண்டுகோளும் அதில் அடங்கிவிடும். தொலைபேசித் தொடர்பே கிடைக்காவிட்டால் அது 'ஐ குட்ன்ட் கெட் த்ரூ'.

"ஒரே சொல்லுக்கு இத்தனை அர்த்தம் எப்படி வந்தது?"

9, 10-ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் குடியேறிய ஸ்காண்டிநேவியர்களின் மொழியிலிருந்து வந்த சொல் இது. அடைதல் என்பதே அதன் பழைய பொருள். பொருளை அடைந்தால் பெறுதல், இடத்தை அடைந்தால் சேர்தல், நிலையை அடைந்தால் ஆதல் என்று கிளைத்துப் போயிருக்கிறது. தமிழின் 'அடை' என்ற வினையும் பரிசு அடைந்தான், ஊரை அடைந்தான், வருத்தம் அடைந்தான் என்று இதே மூன்று வழிகளிலும் போகிறது என்பதை வகுப்பில் சொன்னால், அதன் பிறகு இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

1066-க்குப் பிறகு நார்மானியர் ஆட்சியின் வழியே பிரெஞ்சுச் சொற்கள் வெள்ளமாக வந்து சேர்ந்தன. 'ரிசீவ்', 'அப்டெய்ன்', 'அரைவ்' ஆகியவை அந்த வழியில் வந்தவை. அரசவையிலும் ஏட்டிலும் அவை அமர்ந்துகொள்ள, 'கெட்' பேச்சில் தங்கிவிட்டது.

"வங்கிக்கும் அலுவலகத்துக்கும் மனு எழுதும்போது கெட் போடலாமா?"

போட்டால் இலக்கணப் பிழை இல்லை, ஆனால் தரம் குறையும். முந்தைய பதிலில் சொன்ன பிரெஞ்சு வழிச் சொற்களுக்கு வேலை வருவது இங்கேதான். கடிதம் வந்தது என்பதற்கு 'ரிசீவ்டு', முயன்று உரிமம் பெற்றதற்கு 'அப்டெய்ன்டு', நிலை மாறியதற்கு 'பிகேம்', மூன்றாம் வடிவத்துக்கு முன்னால் 'வாஸ்'. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றதைப் பேச்சில் 'காட் தி ஜிஐ டேக்' என்று தாராளமாகச் சொல்லலாம். விண்ணப்பத்தில் எழுதும்போது 'ரிசீவ்டு' என்று மாற்றுங்கள்.

வகுப்பில் ஒருவர் கொண்டுவந்த மனுவில், 'ஐ காட் யுவர் லெட்டர். மை ஷாப் காட் டேமேஜ்டு இன் தி ரெய்ன். ஐ வான்ட் டு கெட் எ லோன்' என்று இருந்தது. அதை 'ஐ ரிசீவ்டு யுவர் லெட்டர். மை ஷாப் வாஸ் டேமேஜ்டு இன் தி ரெய்ன். ஐ விஷ் டு அப்ளை ஃபார் எ லோன்' என்று மாற்றினோம். மூன்றாவது வாக்கியத்தில் 'அப்டெய்ன்' என்று போடாமல் 'அப்ளை' என்று போட்டதற்குக் காரணம் உண்டு: கடன் கொடுப்பதா வேண்டாமா என்பதை முடிவு செய்வது வங்கி, மனுவில் நாம் செய்யக்கூடியது விண்ணப்பிப்பது மட்டுமே.